தேக்காவா, ஃபேரர் பார்க்கா: ஒரு தையல் கடைக்காகப் பார்த்த ரயில் கணக்கு

சிங்கப்பூரில் பத்து வருஷத்துக்கு மேல் வீட்டு அறையிலேயே ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்த நானும் அக்காவும், போன வருஷம் ஒரு கடை பிடிப்பது என்று முடிவு செய்தோம். கைக்கு எட்டிய இடங்கள் மூன்று. ஒன்று, நாங்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவில், ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிஷ நடையில், மாடியில் ஓர் அறை. இன்னொன்று, ஃபேரர் பார்க் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், தரைத்தளத்தில் சின்னக் கடை. மூன்றாவது ஜாலான் புசார் பக்கம். கடைசியில் நாங்கள் எடுத்தது ஃபேரர் பார்க். "தேக்காவில் கூட்டம் இருக்கிறது" என்ற ஒரே வார்த்தையை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

ஜாலான் புசாரை முதலில் முடித்துவிடுகிறேன். 2017 அக்டோபரில் திறந்த நிலையம் அது. டௌன்டவுன் ரயில் பாதை மட்டும்தான். மூன்றில் வாடகை குறைந்த இடமும் அதுதான். ஆனால் சுற்றிலும் விளக்குக் கடை, குளியலறைச் சாமான் கடை. கையில் சேலைப் பையோடு அங்கே யாரும் நடப்பதில்லை. அரை நாளில் அதை விட்டுவிட்டோம்.

மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் எங்களுக்குப் பல நாள் தூக்கம் போனது. இரண்டு நிலையங்களும் 2003 ஜூனில் வடகிழக்குப் பாதையோடு சேர்ந்து திறந்தவை. அடுத்தடுத்த நிலையங்கள், குறியீடு என்இ7, என்இ8. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். முஸ்தபா என்ற பெரிய பேரங்காடி நடுவில் இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயில் ஒரு பக்கம், சீனிவாசப் பெருமாள் கோயில் மறுபக்கம். வெளியூரிலிருந்து வருபவருக்கு எல்லாமே தேக்காதான். கடைக்காரருக்கு அப்படி இல்லை.

தேக்கா இடத்தைக் காட்டிய முகவர் ஒரு தாளை நீட்டினார். மாதத்துக்கு இவ்வளவு பேர் இந்த நிலையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று பெரிய எண் ஒன்று அதில் இருந்தது. அக்காவுக்கு அது போதும். "கூட்டம் எங்க இருக்கோ அங்கதானடி கடை போடணும்" என்றாள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நிலப் போக்குவரத்து ஆணையம் தன் டேட்டாமால் தளத்தில் மாதாமாதம் ஒரு கோப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர் அட்டையைத் தட்டி உள்ளே போனார்கள், எத்தனை பேர் தட்டி வெளியே வந்தார்கள் என்று மணிவாரியாக அதில் இருக்கும். நிலையத்தின் பெயர் இருக்காது, குறியீடுதான். முகவர் செய்தது இதுதான்: உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் ஒன்றாகக் கூட்டியிருந்தார். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப்போன ஒரே ஆள் அந்தத் தாளில் இரண்டு ஆள். அவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பாதிக் கூட்டம் அங்கேயே கரைந்துவிட்டது.

அந்தக் கோப்பைப் படிக்கும்போது நாங்களும் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்தோம். வேலைநாள் ஒரு வகை, வார இறுதியும் பொது விடுமுறையும் சேர்ந்து இன்னொரு வகை. எண்கள் ஒரு நாளுக்கானவை அல்ல, மாதம் முழுவதுக்கும் சேர்ந்தவை. வகுக்காமல் பார்த்தால் எந்த நிலையமும் வார இறுதியில் காற்றாடுவது போலத்தான் தெரியும். அந்த மாதத்தில் வேலைநாள் 21, மற்றவை 9 என்றால் அதற்கு அதற்கு வகுத்துக்கொள்ள வேண்டும். வகுத்துப் பார்த்த பிறகுதான் லிட்டில் இந்தியாவின் வார இறுதி எவ்வளவு உயரம் என்று புரிந்தது. அக்கா என்னை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

ஆனால் அந்த வார இறுதிக் கணக்கில் சனியும் ஞாயிறும் பிரியாது. தேக்காவைத் தெரிந்த யாருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சனிக்கிழமை குடும்பங்கள் வரும். அம்மா, மகள், சித்தி என்று மூன்று பேர் ஒரு சேலையைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஞாயிறு சாயங்காலம், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நம் ஊழியர் தம்பிகளின் நாள். மளிகை, சாப்பாடு, பணம் அனுப்புவது, நண்பர்களைப் பார்ப்பது என்று அவர்களுக்கு இருக்கும் ஒரு நாள். அந்தக் கூட்டத்தால் வாழும் கடைகள் நிறைய. ஆனால் ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் அவர்கள் அல்ல. கோப்பு இரண்டு நாளையும் ஒரே எண்ணாகத்தான் தரும்.

இன்னொன்று, மாதம். அந்தத் தளத்தில் கடைசிச் சில மாதங்கள்தான் கிடைக்கும். நவம்பரில் போய் எடுத்தால் தீபாவளிச் சந்தை நடந்த அக்டோபர்தான் முதலில் நிற்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அந்த மாதத்து எண்ணைக் காட்டி யாராவது கடை பேசினால், ஏப்ரலையும் காட்டச் சொல்லுங்கள்.

மாறிச் செல்வோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் டௌன்டவுன் பாதை வந்து சேர்ந்ததிலிருந்து லிட்டில் இந்தியா ஒரு சந்திப்பு நிலையம். கீழே போய்ப் பார்த்தால் காலை எட்டரைக்கு நடைபாதை முழுக்க ஆள். அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் எங்களுக்கே ஆசை வந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறுகிறவர்கள். தட்டாமல் உள்ளேயே மாறிவிடுவார்கள்; மேலே சிராங்கூன் சாலை இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு வேண்டாம். கோப்பில் இரண்டு பாதையும் ஒரே குறியீட்டின் கீழ் வந்தாலும் மாறுகிறவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆகவே கண்ணால் பார்த்த நெரிசல் வேறு, தட்டிய எண்ணிக்கை வேறு. எல்லாச் சந்திப்பு நிலையமும் இப்படி இல்லை: தெம்பனிஸில் கிழக்கு மேற்குப் பாதையிலிருந்து டௌன்டவுன் பாதைக்குப் போக வெளியே தட்டித்தான் மாற வேண்டும். அங்கே கடை பார்ப்பவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துச் சட்டென்று மயங்க வேண்டாம்.

சரி, இதையெல்லாம் கழித்த பிறகும் தேக்காவில்தான் ஆள் அதிகம் என்றால்? எங்களுக்கு முடிவைச் சொன்னது அந்த மொத்தமே அல்ல.

ப்ளவுஸ் தைக்க வருகிறவர் ஒரு தடவை வந்து போகிறவர் அல்ல. முதலில் துணியும் அளவு ப்ளவுஸும் கொண்டுவருவார். அப்புறம் போட்டுப் பார்க்க வருவார். கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று இரண்டு குறை சொல்வார். பிறகு வாங்கிப்போக வருவார். மூன்று நடை. அந்த மூன்று நடைக்கும் தனியாக ரயிலேறி வரச் சொன்னால், அடுத்த சேலைக்கு அவர் வேறு ஆளைத் தேடிவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் இருந்தால், வருஷம் முழுக்க வருவார். ஆக எங்களுக்கு வேண்டியது அந்த நிலையத்தருகே குடியிருக்கும் ஆள்.

குடியிருப்பவர் யார், வந்து போகிறவர் யார் என்று கோப்பு சொல்லாது. ஆனால் மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். வேலைநாளில் காலை 7, 8 என்ற மணிகளில் எத்தனை பேர் உள்ளே தட்டுகிறார்கள் என்று எடுங்கள். அதே நிலையத்தில் மாலை 18, 19 மணிகளில் எத்தனை பேர் வெளியே தட்டுகிறார்கள் என்று எடுங்கள். கோப்பில் 18 என்றால் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை. காலையில் உள்ளே போகும் கூட்டம் சின்னதாகவும், மாலையில் வெளியே வரும் கூட்டம் பெரிதாகவும் இருந்தால், மாலையில் வருபவர்கள் விருந்தாளிகள்: சாப்பிட, சாமி கும்பிட, சாமான் வாங்க வந்தவர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாக இருந்தால், காலையில் கிளம்பிப் போன அதே ஆட்கள்தான் மாலையில் திரும்புகிறார்கள்.

நாங்கள் எடுத்துப் பார்த்த மாதங்களில் லிட்டில் இந்தியா முதல் வகைப் பக்கம் சாய்ந்தது. ஃபேரர் பார்க் இரண்டாவது வகைக்கு நெருங்கியது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. ஓவன் ரோடு, டோர்செட் ரோடு பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள், ரங்கூன் ரோட்டிலும் சிட்டி ஸ்குவேர் மால் பக்கமும் கொண்டோக்கள், அதாவது தனியார் அடுக்குமாடி வீடுகள். மருத்துவமனை, ஹோட்டல் ஊழியர்களும் உண்டு. அவர்கள் காலையில் வெளியே தட்டுகிறவர்கள், தனியாகத் தெரிவார்கள். முழுக்கச் சுத்தமான பிரிவினை என்று சொல்ல மாட்டேன். முஸ்தபாவுக்கு வருகிறவர்கள் ஃபேரர் பார்க்கிலும் இறங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் நடக்க இடம் இருக்காது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறரைக்கு மேலே ஏறி வருகிற முகங்கள் திரும்பத் திரும்ப அதே முகங்கள்.

எண்ணை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் மாறும். நான் எழுதியதை வைத்து யாரும் கடை பிடிக்கக் கூடாது. கோப்பை எடுக்கத் தளத்தில் பதிவு செய்து ஒரு சாவி (கோப்பைத் திறக்கும் ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் மகன் ஒரு சாயங்காலத்தில் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டுக்கொடுத்தான்.

கோப்பு சொல்லாத இன்னொன்று, வாசல். நிலையத்துக்கு ஓர் எண். ஆனால் ஃபேரர் பார்க்குக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் சிராங்கூன் சாலைப் பக்கமும் மால் பக்கமும் வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலில் எத்தனை பேர் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். விரலில் மாட்டி ஜெபம் எண்ணுகிற அந்தச் சின்னக் கருவி இரண்டு வாங்கினோம். அக்கா ஒரு வாசலில், நான் ஒரு வாசலில், ஆறிலிருந்து ஏழரை வரை, நாலு சாயங்காலம் நின்றோம். எல்லாரையும் எண்ணவில்லை, நம் கடைக்கு வரக்கூடியவர்களை மட்டும். அக்கா ஒரு அம்மாவை எண்ணலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் தாண்டிப் போய்விடுவார்கள், கோபமாக அழுத்துவாள். மூன்றாம் நாள் நல்ல மழை. என் வாசலில் ஆளே குறைந்துபோயிற்று. எல்லாரும் நனையாமல் மால் வழியாகப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் முதலில் பேசி வைத்திருந்த கடையை விட்டு, கூரையுள்ள நடைபாதைக்குப் பக்கத்தில் இருந்ததற்கு மாறினோம். சதுர அடி கொஞ்சம் குறைவு. வெட்டுமேசையைச் சுவரோரம் மடக்கிவைத்துச் சமாளிக்கிறோம்.

தேக்காவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் வருகிறவர்கள் இந்த ரயில் கணக்கில் வரவே மாட்டார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தைச் சுற்றியுள்ள நிறுத்தங்களில் எவ்வளவு பேர் இறங்குகிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை நின்று பாருங்கள். பேருந்து நிறுத்தங்களுக்கும் அதே தளத்தில் தனிக் கோப்பு உண்டு. தங்குவிடுதிகளிலிருந்து தனிப் பேருந்துகளில் வருகிற ஊழியர்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. நகை, பலகாரம், மாலை, சேலை விற்கிறவர்களுக்கு, அதாவது ஒரு தடவை வந்தாலும் பணம் கொடுத்துவிட்டுப் போகும் தொழிலுக்கு, நான் தேக்காவைத்தான் சொல்வேன். தேக்கா மார்க்கெட் மாடியில் பல வருஷமாகத் தையல் மிஷின் போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்; துணி வாங்கிக்கொண்டு நேராக அவர்களிடம் வரும் ஆட்கள் அவர்களுக்கு இருக்கிறார்கள். பெயர் வாங்கிய கடைக்கு அந்த இடம் சரி. புதிதாகப் பெயர் எடுக்க வேண்டிய எங்களுக்கு, தினமும் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு போகும் ஆள்தான் தேவைப்பட்டார்.

காலை வியாபாரத்துக்கு எந்த நிலையம் என்று கேட்டால் என்னிடம் அனுபவம் இல்லை. நாங்கள் பதினொரு மணிக்குத்தான் கடை திறக்கிறோம். கடை போட்டு ஒரு தீபாவளிதான் தாண்டியிருக்கிறது. அந்த மூன்று வாரமும் இரவு பன்னிரண்டு வரை மிஷின் ஓடியது என்பதை வைத்து எதையும் நிரூபிக்க மாட்டேன். தீபாவளிக்கு எங்கே கடை இருந்தாலும் ஓடும்.

பிப்ரவரி, மார்ச்தான் எங்களுக்குச் சோதனை. தீபாவளி போலப் பெரிய பண்டிகை இல்லை. அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணி தாண்டி ஓர் அம்மா அலுவலகப் பையோடு உள்ளே வந்தார். தைத்த ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தார், தோளில் கால் அங்குலம் பிடிக்கச் சொன்னார். "நாளைக்கு இதே நேரம் வரேன், எப்படியும் இந்த வழியாத்தானே போறேன்" என்றார். அக்கா குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் ஏழு ஐந்துக்கு வந்து வாங்கிப்போனார். கூடவே எதிர்வீட்டுக்காரரின் துணி இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.