பி-ஃபங்க் 1976ஆ, வல்ஃப்பெக் 2019ஆ? முதல்ல எத பாக்கறது

ஃபங்க் (பேஸும் தாளமும் முன்னாடி நிக்கற அமெரிக்க இசை) லைவ்னா என்னன்னு புதுசா கேக்கறவங்களுக்கு நான் ரெண்டு ஷோ சொல்வேன், ஒண்ணு 1976 அக்டோபர் 31 ஹூஸ்டன்ல பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் (சுருக்கமா பி-ஃபங்க்) குழு, இன்னொண்ணு 2019 செப்டம்பர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல வல்ஃப்பெக் குழு.

ஹூஸ்டன் ஷோ ஒரு திருவிழாங்க. பாடகர் க்ளென் கோயின்ஸ் உயிரக் கொடுத்து பாடிக் கூப்பிட கூப்பிட மேலருந்து மதர்ஷிப்ங்கற விண்கல செட் புகையக் கக்கிட்டு இறங்குது, குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் அதுலருந்து வர்றாரு, மேடை பூரா ஆளுங்க, அவ்ளோ கூட்டத்துலயும் க்ரூவ் (ஆட வைக்கற தாளக்கட்டு) ஒரு இடத்துல கூட நழுவாது பாருங்க, அதான் அவங்க!

வல்ஃப்பெக் நேர் எதிர். விண்கலம் எதுவும் கிடையாது, பெரிய லேபிளோ மேனேஜரோ கூட இல்லாம அந்த அரங்கத்தையே ஃபுல் பண்ணாங்க. பேஸ் கிட்டாரிஸ்ட் ஜோ டார்ட் 'டீன் டவுன்' வாசிக்கறப்ப ஜனம் மொத்தமும் அந்த பேஸ் லைனையே வாயால பாடுது, வரியே இல்லாத பாட்டுக்கு! எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். கிட்டாரிஸ்ட் கோரி வாங்கோட வலது கையையும் கவனிங்க.

சவுண்டு, வீடியோ ரெண்டுமே வல்ஃப்பெக்தான் க்ளியர், ஹூஸ்டன் பழைய வீடியோ. ஆனாலும் என் ஓட்டு மதர்ஷிப்புக்குத்தான், நல்ல ஹெட்ஃபோன் போட்டு மொதல்ல அத பாத்துடுங்க.