அமுக்குவானைத் தாண்டி ஒரு வழி, சுற்றிக்கொண்டு ஒரு வழி

போன பங்குனியில் ஒரு விடிகாலை. நாலே முக்கால் இருக்கும். பக்கத்துத் தறிக்குடோனில் தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது. கட்டிலோரம் தண்ணீர்ச் சொம்பும் தெரிகிறது. கை காலை மட்டும் அசைக்க முடியவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். கதவோரம் ஒருத்தர் நிற்கிறார் என்று மனசு அடித்துச் சொல்கிறது. அம்மாவைக் கூப்பிடப் பார்த்தேன். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

சோமனூரில் எங்கள் வீட்டில் இதற்குப் பேர் அமுக்குவான். டாக்டர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்கிறார்கள். அப்போது நான் லூசிட் ட்ரீமிங் பழக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று தெரிந்துகொண்டு நடமாடுகிற பழக்கம் அது. அன்றைக்கு விட்டவன் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி தொடங்கியபோதுதான் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பதையும், நான் பயந்த மனசோடு தப்பான வழியில் இறங்கியிருந்ததையும் புரிந்துகொண்டேன். என்னைப் போலப் பயந்து பாதியில் விட்டவர்களுக்காக அந்த இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உடம்பை அசையவிடாமல் பிடிக்கிற அந்தப் பூட்டைப் பற்றி. கனவு மும்முரமாக ஓடுகிற ரெம் உறக்கத்தில் மூளை நம் கை கால் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடுகிறவன் நிஜத்தில் எழுந்து ஓடிவிடக் கூடாதே, அதற்காக. ஒவ்வொரு ராத்திரியும் எல்லோருக்கும் நடப்பதுதான். கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அதுதான் அமுக்குவான். சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். மூச்சை நடத்துகிற உதரவிதானமும் கண்ணை உருட்டுகிற தசைகளும் இந்தக் கட்டுக்குள் வராது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹியர்ன் என்ற ஆராய்ச்சியாளர் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் தூக்கத்தில் இருந்தபடியே, முன்பே பேசிவைத்த மாதிரி கண்ணை இடமும் வலமும் அசைத்து, ‘நான் கனவில் இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது’ என்று கருவிக்குச் செய்தி சொன்னார். என்னை மிரட்டிய அதே பூட்டுதான் அவருக்கு மேடையாக இருந்திருக்கிறது.

இப்போது வழிகள். நான் முதலில் போனது வைல்ட் (WILD). விழிப்பிலிருந்தே நேரே கனவுக்குப் போகிற முறைக்கு ஆங்கிலச் சுருக்கப் பேர் அது. நாலைந்து மணி நேரம் தூங்கி எழுந்து, மல்லாக்கப் படுத்து, அசையாமல் கிடந்து, உடம்பைத் தூங்கவிட்டு மனசை மட்டும் விழிப்பாக வைத்துக்கொண்டு நேரே கனவுக்குள் நுழைவது. காதில் ரீங்காரம், உடம்பில் அதிர்வு, மிதப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். சில நேரம் கட்டு விழுவதே தெரியும். நினைவு அறுபடாமல் கனவுக்குள் காலெடுத்து வைக்கிற அனுபவத்துக்கு ஈடில்லை என்று பழகியவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் பயந்தவனுக்கு இது அமுக்குவான் வீட்டு வாசல் வழியாகவே போகிற பாதை. படபடப்பில் விழிப்பு வந்துவிடும், அல்லது அந்தப் பயமே கதவோரம் ஓர் ஆளாக நிற்கும்.

அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்: “மல்லாக்கப் படுக்காத கண்ணு, அமுக்கிப்போடும். ஒருக்களிச்சுப் படு.” மல்லாந்து படுப்பவர்களுக்கு இது கூடுதலாக வருவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. நான் அமுச்சி பேச்சைக் கேட்காமல், மல்லாந்து, தூக்கத்தைக் கலைத்து, பயத்தையும் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வராமல் எப்படி இருக்கும்?

இரண்டாவது வழி மைல்ட் (MILD). நினைவில் பதியவைத்துக் கனவில் தெளிவு பெறுகிற முறைக்கு ஆங்கிலச் சுருக்கப் பேர் இது. ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த ஸ்டீஃபன் லாபெர்ஜ் 1980-இல் எழுதியது. விடிகாலையில் எழுந்ததும் அப்போது கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் நிஜத்தில் நடக்காத ஒன்றைப் பிடிக்க வேண்டும். ‘அடுத்த கனவில் இது கனவு என்று எனக்கு நினைவு வரும்’ என்று மனசார சொல்லிச் சொல்லி, அப்படி நினைவு வருவதாகக் கற்பனை செய்தபடி தூங்கிவிட வேண்டும். ஒருக்களித்தே படுக்கலாம். வாசலை நாம் தூக்கத்தில் கடந்துவிடுகிறோம், விழிப்பு உள்ளே போன பிறகுதான். குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். எனக்கு ஐந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை.

ஆறாவது வாரம் காங்கயம் பக்கம் அப்புச்சி தோட்டத்தில் நிற்கிறேன். கிணறு வாய்வரைக்கும் தண்ணீர். தென்னை ஓலை நிழல் அதில் ஆடுகிறது. இந்தக் கிணறு வற்றிப் பல வருசம் ஆச்சே என்று ஒரு நினைப்பு. மூக்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன், மூச்சு தாராளமாகப் போய் வருகிறது. கனவு! படி இறங்கிக் காலை நனைத்தேன். அவ்வளவுதான், சந்தோசத்தில் விழித்துவிட்டேன். அமுக்குவான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டென்ஹோம் ஆஸ்பி என்ற ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவில் 169 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பகலில் ‘இது கனவா’ என்று சோதிப்பது, விடிகாலை எழுவது, மைல்ட் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 17 சதவீத முயற்சிகள் பலித்தன. சொல்லி முடித்து 5 நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கு அது 46 சதவீதம். பயம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எங்கே தூங்குவது? அதனால் எந்த வழியானாலும் பயத்தைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். தூக்கத்தை நடுவில் கலைத்தாலே சிலருக்குக் கட்டு வரும் என்பதால் மைல்டிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

வந்துவிட்டால் என்ன செய்வது? திமிறிப் பார்த்தேன். திமிறத் திமிறப் பாரம் கூடியது. தலையணைக்கடியில் அரிவாள் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் தைரியம் வந்தது. அரிவாள் இருக்கும்போதே ஒரு நாள் அமுக்கியதும் பயம் இரட்டிப்பானது. எனக்குக் கைகொடுத்தது பாலந்த் ஜலால் என்ற ஆராய்ச்சியாளர் சொல்கிற நாலு படி. இது தசைக்கட்டு, ஆபத்தில்லை என்று முதலில் சொல்லிக்கொள்வது. விட்டுப்போய்விடும், அதனால் பதற வேண்டியதில்லை என்று மனசைத் தள்ளி வைப்பது. பிறகு கவனம் முழுவதையும் மனசுக்குப் பிடித்த ஒன்றில் நிறுத்துவது. எனக்கு அது அந்தக் கிணற்றுத் தண்ணீர். கடைசியாக, உடம்பைத் தளர விட்டு, அசைக்க முயலாமல் கிடப்பது. பகலில் நாலைந்து தடவை ஒத்திகை பார்த்துவிட்டால்தான் ராத்திரி ஞாபகம் வரும்.

கேலன்டமைன் மாத்திரை போட்டால் சீக்கிரம் பலிக்கும் என்று சிலர் சொல்வார்கள். மறதி நோய்க்கு டாக்டர் எழுதித் தருகிற மருந்து அது, தொடாதீர்கள்.

நைட் ஷிப்ட் மாறி மாறிப் போகும் மில்லுக்காரர்களும் தறிக்காரர்களும் இப்போதைக்கு இரண்டு வழியையும் விட்டுவிட்டு முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள். தூக்கக் குறைவே அமுக்குவானை அழைத்து வரும். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் துவள்வது போன்றவை சேர்ந்திருந்தால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், அது நார்கோலெப்சி என்கிற தூக்க நோயாக இருக்கலாம்.

நான் சனிக்கிழமை ராத்திரி மட்டும் மைல்ட் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, கலைந்த தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டிக்கொள்ளலாம். வைல்டை இன்னும் தொடவில்லை. தை பிறந்ததும் ஒரு தடவை பார்க்கலாம் என்று இருக்கிறேன், ஒருக்களித்துப் படுத்தே.