வாங்கிய லிங்க்கும் கூடவே வரும் அந்த ஷீட்டும்

"புதுத் தளம் ஆரம்பித்திருக்கிறேன், ஒரு பேக்லிங்க் பேக்கேஜ் வாங்கிப் போடட்டுமா?" என்று நண்பர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க்; கூகுள் தேடலில் மேலே வருவதற்காக அவற்றை மொத்தமாகக் காசுக்கு விற்பதுதான் பேக்கேஜ்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சொன்ன நாளில் சொன்ன எண்ணிக்கை வந்துவிடும். டெலிவரியைக் குறை சொல்ல வழியில்லை. கூகுளின் தேடல் ரோபாட்டான கூகுள்பாட் எட்டியே பார்க்காமல் கிடந்த பக்கங்கள், அது அடிக்கடி வந்து படிக்கும் (கிரால் செய்யும்) தளங்களில் நாலு லிங்க் விழுந்ததும் அதன் கண்ணில் படும். தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தளம் தோன்றும் எண்ணிக்கை) கோடு மேலே எழும்புவதும் உண்டு. இதில் மாயம் ஒன்றுமில்லை. லிங்க்குகளை வைத்துப் பக்கங்களை மதிப்பிடும் கூகுளின் பேஜ்ரேங்க் 1998இல் வந்ததிலிருந்தே லிங்க்குக்கு மதிப்பு உண்டு.

எரிச்சலெல்லாம் டெலிவரியோடு வரும் ஷீட்டில்தான். பக்க முகவரி, ஆங்கர் (லிங்க்காகச் சொடுக்கும் வாசகம்), டிஆர், டிஏ (இரண்டும் தளத்தின் லிங்க் பலத்துக்குப் போடும் மதிப்பெண்கள்), ஸ்பாம் ஸ்கோர் என்று ஐந்து தலைப்பு. பச்சை பூசிய கட்டங்களில் 54, 61, 70. யாரிடம் வாங்கினாலும் ஏறக்குறைய இதே ஷீட்தான். டிஆர் அஹ்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் போடும் கணக்கு, டிஏ மாஸ் என்ற நிறுவனம் போடும் கணக்கு. இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. கூகுள் தானே வெளியில் காட்டிவந்த டூல்பார் பேஜ்ரேங்க் 2016இல் எடுக்கப்பட்டுவிட்டது. விற்பவர்கள் காட்ட இப்போது இந்த எண்கள்தான் மிச்சம்.

டிஆர் என்ன பார்க்கிறது? எத்தனை தனித்தனி டொமைன்கள் அந்தத் தளத்துக்கு லிங்க் தருகின்றன, அவற்றின் டிஆர் எவ்வளவு, அவை இன்னும் எத்தனை டொமைன்களுக்குப் பங்கு பிரிக்கின்றன. அவ்வளவுதான். ஆள் வருகிறார்களா, பக்கம் கூகுளின் இண்டெக்ஸில் (தேடல் பட்டியலில்) இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஊதிப் பெருக்குவது சுலபம். காலாவதியான டொமைன்களை வாங்கி, அவை இந்தத் தளத்துக்குத் திருப்பிவிடும்படி 301 ரீடைரக்ட் போட்டால் எண் ஏறும். ஈ, காக்கை எட்டிப் பார்க்காத தளமும் 60 காட்டும்.

நீங்கள் கணக்கு மென்பொருள் விற்பதாக வைத்துக்கொண்டு, ஷீட்டில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். டிஆர் 62. பக்கத்தைத் திறந்தால் தொட்டியில் தக்காளி வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை. மூன்றாம் பத்தியில் உங்கள் கணக்கு மென்பொருளுக்கு லிங்க், ஐந்தாவதில் ஆன்லைன் சூதாட்டம், ஏழாவதில் உடனடிக் கடன். எழுதியவர் பெயர் 'அட்மின்'. முகப்பிலிருந்தோ மெனுவிலிருந்தோ இந்தக் கட்டுரைக்கு வந்து சேரவே வழியில்லை. தளத்துக்கு 62 இருக்கலாம். உள்ளிருந்து ஒரு லிங்க்கூட இல்லாத இந்த அநாதைப் பக்கத்துக்கு அதிலிருந்து என்ன ஒழுகிவரும்? பக்கத்தின் சோர்ஸை (பின்னாலிருக்கும் நிரலை) திறந்தால் இன்னும் தெரியும். மெட்டா ராபாட்ஸில் நோஇண்டெக்ஸ் (இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே) இருக்கலாம், கனானிக்கல் (அசல் பக்கம் இதுதான் என்னும் குறிப்பு) வேறு முகவரியைக் காட்டலாம், லிங்க்கின் ரெல் பகுதியில் நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு மதிப்புத் தராதே) உட்கார்ந்திருக்கலாம். டெலிவரி அன்று இல்லாத நோஃபாலோ மூன்று மாதம் கழித்து முளைப்பதும் உண்டு. மாத வாடகை லிங்க் என்றால் பணம் நின்ற மாதமே லிங்க்கும் போய்விடும்.

அப்புறம் அந்தத் தளத்தின் ட்ராஃபிக் வரைபடம். ஒரே மாதத்தில் செங்குத்தாக விழுந்து அதன்பின் எழாமல் கிடந்தால், கூகுள் ஏற்கெனவே அதைக் கைகழுவியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பின்னோக்கிப் போனால், அதே டொமைன் சில வருடங்களுக்கு முன் ஏதோ பள்ளி இசைக்குழுவின் தளமாக இருந்திருக்கும். இப்படிப் பழைய டொமைனின் பெயரை வைத்துப் பிழைப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் தனிக் குற்றமாகவே சேர்த்தது. இவ்வளவையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பணம் கட்டுமுன் தளப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், "நெட்வொர்க்கை வெளியே காட்ட மாட்டோம்" என்பார்கள். காட்டினால் என்ன தெரிந்துவிடும் என்பது மேலே இருக்கிறது.

புதுத் தளத்துக்கு இதைவிடப் பெரிய வம்பு ஆங்கர் டெக்ஸ்ட். தானாக வரும் லிங்க்குகளில் பெரும்பாலும் தளத்தின் பெயர் இருக்கும், இல்லையென்றால் வெறும் முகவரி, 'இங்கே பார்க்கவும்' போல ஏதாவது இருக்கும். இயல்பாக வந்தவை பத்து, வாங்கியவை நாற்பது, அந்த நாற்பதில் இருபத்தைந்தில் 'விலை குறைந்த கணக்கு மென்பொருள்' என்று ஒரே வாசகம் என்றால், சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையில் லிங்க் வாசகப் பட்டியலின் முதல் வரியே அதுவாகத்தான் நிற்கும். ஆயிரக்கணக்கில் லிங்க் உள்ள பழைய தளத்தில் இருபத்தைந்து கரைந்துபோகும்; புதுத் தளத்தில் கரைய இடமில்லை. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான ஜேசி பென்னி வாங்கிய லிங்க்குகளால் 2011இல் கூகுளிடம் மாட்டியபோது சுமார் மூன்று மாதத்தில் மீண்டது. அதன் பெயரையே தட்டித் தேடும் கூட்டம் அதற்கு இருந்தது.

அந்த லிங்க்ஸ் அறிக்கை பற்றி ஒரு இடைச்செருகல். "பாருங்கள், கூகுளே உங்கள் லிங்க்கைக் காட்டுகிறது" என்று விற்பவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். நோஃபாலோ லிங்க்கும் அதில் வரும், டிஸவோ செய்த (கணக்கில் எடுக்காதே என்று நாமே கூகுளிடம் சொன்ன) லிங்க்கும் வரும். கண்டேன் என்பதற்குத்தான் அது சாட்சி, மதித்தேன் என்பதற்கு அல்ல.

தண்டனை வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மோசமான லிங்க்குகளைக் குறிவைத்த பெங்குயின் என்ற கூகுள் மாற்றம் 2012 ஏப்ரலில் வந்தபோது தளங்கள் சரிந்தன. 2016 செப்டம்பரில் அது மைய அல்காரிதத்தில் சேர்ந்தபின், மோசமான லிங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே வழக்கமானது. 2022 டிசம்பரில் ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்பிரெய்ன் என்ற ஏஐ அமைப்பையும் லிங்க் வேட்டைக்கு இறக்கினார்கள்; அப்படி இழந்த ஏற்றம் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக பெரும்பாலும் நடப்பது சத்தமில்லாத நஷ்டம். கோடு இறங்கும், ஒரு அறிவிப்பும் வராது. உடனே "இன்னும் லிங்க் போதவில்லை" என்று இரண்டாவது பேக்கேஜ் விற்கப்படும். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அறிவிப்பு வந்தால் அது கூகுள் ஊழியரே பார்த்துப் போடும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன். சர்ச் கன்சோலில் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. முதல் வேலை, முடிந்தவரை லிங்க்குகளை எடுக்கச் சொல்லி அந்தத் தளங்களுக்கு எழுதுவது. எடுக்காதவற்றுக்குத்தான் டிஸவோ. வெறும் டெக்ஸ்ட் ஃபைல், யுடிஎஃப்-8, வரிக்கு ஒன்று. தளத்தையே ஒதுக்க 'டொமைன்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயர். உச்சவரம்பு 2 எம்பி, 1,00,000 வரிகள். பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். புது ஃபைல் ஏற்றினால் பழையது மாற்றப்படும், அதோடு சேராது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் ஏற்ற வேண்டும். சர்ச் கன்சோலில் தளத்தை 'டொமைன் பிராப்பர்ட்டி' வகையில் பதிந்திருந்தால் இந்தக் கருவி வேலை செய்யாது, யுஆர்எல் முன்னொட்டு வகையில் பிராப்பர்ட்டி வேண்டும். ஏற்றியபின் பலன் தெரிய வாரங்கள் ஆகும். மேனுவல் ஆக்‌ஷன் இல்லாமல் பயத்தில் டிஸவோவைத் தொட வேண்டாம். நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிக்கொள்வீர்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து லிங்க் வைப்பதே குற்றமில்லை. 2019 செப்டம்பரில் வந்த 'ஸ்பான்சர்ட்' குறியீட்டையோ நோஃபாலோவையோ ரெல்லில் போட்டால் அது வெறும் விளம்பரம், கூகுளுக்கு ஆட்சேபம் இல்லை. வாசகர் உள்ள தளமாக இருந்தால் ஆட்களும் வருவார்கள். அந்தக் குறியீட்டைப் போட்டுத் தருவீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் உங்களுக்கு விற்கப்படுவது எது என்று புரிந்துவிடும்.

டெலிவரிக்கு 5க்கு 5, கிராலுக்கு 4. இருந்தும் என் பதில் வேண்டாம் என்பதுதான். கோபத்தில் சொல்கிறேன் என்றாலும் சரி. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்த ஷீட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள். மேனுவல் ஆக்‌ஷனை நீக்கக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனை மனுவில் எந்தெந்த லிங்க்கை வாங்கினோம், யாரை எடுக்கச் சொன்னோம், எது போயிற்று, எதை டிஸவோவில் போட்டோம் என்று வரிவரியாகக் காட்ட வேண்டிவரும். டிஆர், டிஏ, ஸ்பாம் ஸ்கோர் மூன்றையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'எழுதிய தேதி', 'பதில்', 'நிலை' என்று போட்டுக்கொள்ளுங்கள்.