ராயக்கோட்டை ரோட்டுப் பழைய மரக்கடையும் என் டீப்பாயும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை ரோட்டில் போனால், இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் வேலி மாதிரி வரிசையாகச் சாய்ந்து நிற்பது தெரியும். அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. "பழைய மரக்கடை பாய்" என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அந்தக் கடையில் வாங்கிய மரத்தில் நானே ஒரு டீப்பாய் செய்து முடித்திருக்கிறேன். மூன்று மாதமாக அது எங்கள் கூடத்தில் கிடக்கிறது. வாங்கிய அன்றைக்கே எழுதியிருந்தால் பாதி பொய்யாகப் போயிருக்கும். பழைய மரம் தன் குணத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும்தான் காட்டுகிறது. அதனால் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

நான் காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். மிஷினில் உட்கார்ந்து 22 வருஷம் ஆகிறது. மரவேலை பழகி நாலு வருஷம். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பன்னிரண்டு இடம்தான் பட்டறை. ஒரு டிரில் மிஷின், கையில் பிடித்து அறுக்கிற வாள் மிஷின், இரண்டு இழைப்புளி, ஐந்து உளி, ஒரு மூலைமட்டம் இருக்கின்றன. துணி வெட்டுகிற மேஜையும் நூல்கண்டு அலமாரியும் பிளைவுட்டில் செய்தேன். இரண்டு மழைக்காலத்தில் அலமாரியின் அடிப்பலகை ஓரம் பிரிந்து ஊதிவிட்டது. அடுத்தது நல்ல மரத்தில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். (டீப்பாய் என்ற பெயருக்கும் டீக்கும் சம்பந்தமில்லை. மூன்று கால் என்று பொருள்படும் இந்திச் சொல் அது. என்னுடையதற்கு நாலு கால்.)

கடையில் எனக்கு முதலில் பிடித்தது, பாய் மரத்தைக் காட்டிய விதம். விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இழைப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "எந்தக் கட்டை வேணுமோ ஓரத்துல ஒரு இழை இழைச்சுப் பாருங்கம்மா. பாக்காம எடுக்காதீங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்றார். பழைய மரம் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கும். வேம்பா, பலாவா, தேக்கா என்று கண்ணால் சொல்லவே முடியாது. ஒரு இழை எடுத்ததும் உள்ளே இருக்கிற நிறம் வந்துவிடும். தேக்கு என்றால் வாசனையும் வந்துவிடும், எண்ணெய் தடவிய தோல் மாதிரி ஒரு வாசனை. நான் எடுத்த விட்டத்தில் (கூரையைத் தாங்குகிற உத்திரக் கட்டை) அந்த வாசனை அப்படியே இருந்தது. சாம்பல் நிறம் ஒரு நகக்கனம்கூட இல்லை. அதற்குக் கீழே தேன் நிறம்.

கால்களுக்கு ஒரு வாசக்கால் கட்டை பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்தது. அடிப்பக்கம் பெயின்ட் உதிர்ந்து மரம் தெரிந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்தேன், துணி மஞ்சளானது. கடைப் பையன் உடனே, "அக்கா, இது வேங்கை" என்றான். ஈரம் பட்டால் வேங்கை மஞ்சளாகச் சாயம் விடும், அது உண்மைதான். ஆனால் வாசக்காலின் அடிப்பக்கம் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசுகிற இடம் இல்லையா? தொட்டியில் கிடந்த சோப்பை அந்தத் துணியில் தேய்த்தேன். கறை ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சள் சோப்பிலும் சுண்ணாம்பிலும் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த எவளுக்கும் தெரியும். மேலே இழைத்துப் பார்த்தால் அதுவும் தேக்கு. யார் வீட்டிலோ எத்தனையோ வெள்ளிக்கிழமை பூசின மஞ்சள் மரத்துக்குள் இறங்கிப்போய் இருந்தது. அந்தக் கட்டையை அங்கேயே விட்டுவர எனக்கு மனசு வரவில்லை.

அதே கட்டையின் உள்பக்கம் கிழிந்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. "தர்மபுரி மாவட்டம்" என்ற எழுத்து மட்டும் மிச்சம். வீடு ராயக்கோட்டை பக்கம் இடித்ததாம். 2004இல்தானே கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் ஒட்டிய காகிதம். என் கல்யாணப் பத்திரிகையிலும் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும்.

இனி அளவும் விலையும். மரத்துக்குக் கணக்கு கன அடியில். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் வைத்து, நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். விட்டம் 6 அங்குலத்துக்கு 5, நீளம் எட்டரை அடி. சுவருக்குள் புதைந்திருந்த முனையைக் கட்டைவிரலால் அமுக்கினேன். பொதுக்கென்று உள்ளே போனது. பழைய வீட்டு விட்டம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையைத்தான். நடுவில் இரும்பு மாதிரி இருக்கிற மரமும் சுவர் ஈரம் குடித்து அங்கே உளுத்திருக்கும். கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். "இதுக்கும் சேத்தா காசு?" என்று கேட்டேன். பாய் பேசாமல் அரை அடி கழித்தார். எட்டு அடிக்கு 1.67 கன அடி. வாசக்கால் 4க்கு 3, ஆறரை அடி, அது 0.54. கன அடி 2,400 சொன்னார், 2,200க்கு முடிந்தது. கொடுத்தது 4,850 ரூபாய். கணக்கைத் தாளில் எழுதி என் முன்னாலேயே போட்டார். ஆனால் வாசக்காலில் கீல் வெட்டிய பள்ளத்துக்கும் மேலே பொளித்த துளைக்கும் கழிவு எதுவும் தரவில்லை. கேட்டேன், "அது எல்லாரும் குடுக்கறதும்மா" என்றார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் வாங்கிவிட்டேன்.

குறை என்று சொல்ல வேண்டியது ஆணி. "ஆணி எல்லாம் புடுங்கியாச்சு" என்று பையன் உறுதியாகச் சொன்னான். நான் நம்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மர மில்லில் விட்டத்தை இறக்கியதும், பழைய மரம் அறுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, ஒரு ஆணி போதும், வாளின் பல் எல்லாம் போய்விடும். இரண்டாவது மில்காரர், "பிளேடு போச்சுன்னா 1,500 ரூபா நீங்கதான் குடுக்கணும், சம்மதமா?" என்று கேட்டார். ஒரு நாள் டைம் கேட்டு விட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தரையில் சிதறிய குண்டூசி பொறுக்க என்னிடம் ஒரு காந்தம் உண்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. அதை ஒரு நூலில் கட்டி, மரத்துக்கு ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்தினேன். ஃபேன் நிறுத்தி, ஜன்னல் சாத்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும். வெறும் மரத்தின் மேல் நூல் நேராகத் தொங்கும். ஆணி இருக்கிற இடத்தில் நூல் லேசாகச் சாயும். சாய்ந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நாலு பக்கமும் பார்த்து முடிக்கும்போது பதினோரு வட்டம். பதினொன்றையும் உளியால் தோண்டி, குறடு வைத்து இழுத்தேன். கொல்லுப்பட்டறையில் அடித்த சதுர ஆணிகள். தலை முறிந்து, மரத்தோடு மரமாகக் கறுத்துப்போயிருந்தன. இரும்பும் தேக்கும் ஈரத்தில் சேர்ந்தால் சுற்றிலும் மை கொட்டின மாதிரி கறுப்பு பிடிக்கும். அந்தக் கறையை நான் சுரண்டவில்லை. இன்றைக்கும் மேல்பலகையில் நாலு இடத்தில் இருக்கிறது, எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

மில்லில் பிளேடு தப்பித்தது. ஆனால் மரத்தின் ஆழத்தில் இருந்த ஒரு ஆணி காந்தத்துக்கு எட்டவில்லை. அது அறுத்த பலகையில் மேலே வந்து, என் இழைப்புளி வாயில் ஒரு பல் அளவு வெட்டு விழுந்தது. சாணை பிடித்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரம். பாய்க்குப் போன் செய்தேன். "பையன் பாத்துட்டேன்னு சொன்னானேம்மா" என்றதோடு சரி. இந்த ஒரு விஷயத்தில் கடைமேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆணி இருக்கலாம், பார்த்து அறுங்கள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் வாங்காமல் போகப் போவதில்லை.

பெயின்ட் அடித்த கட்டை எடுக்கிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் கைக்கு வருகிற வாசக்கால்கள் எல்லாம் அதற்கு எவ்வளவோ முந்தியவை. அதை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் மூளைக்கு ஈயத் தூசு செய்கிற கெடுதல் திரும்பச் சரியாகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, சுரண்டியால் சுரண்டி, விழுந்ததை எல்லாம் செய்தித்தாளோடு சுருட்டிக் கட்டினேன். முகமூடி போட்டுக்கொண்டேன். அன்றைக்கு என் தங்கை பெண்ணைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. கடையில் பெயின்ட் கட்டைகளைக் கொஞ்சம் விலை குறைத்தே தருகிறார்கள். அந்த ஒரு நாள் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு எடுங்கள்.

விட்டம் நாலு பலகையாக வந்தது. உளுத்த முனையில் ஒன்பது அங்குலம் வெட்டிப் போட வேண்டியிருந்தது. மிச்சத்தில் 42 அங்குல நீளத்தில் எட்டுத் துண்டு. நாலு துண்டை ஒட்டி மேல்பலகை, 42க்கு 21. மற்ற நாலில் சட்டங்களும் கீழ்த்தட்டும். வாசக்காலில் இரண்டரை அங்குலச் சதுரத்தில் நாலு கால், ஒவ்வொன்றும் 16 அங்குலம். சோபாவில் உட்கார்ந்தால் தம்ளருக்குக் கை தானாகப் போகிற உயரம். காலில் துளை பொளித்து, சட்டத்தில் கழுந்து (துளைக்குள் நுழைகிற முனை) விட்டு இறக்கினேன். கீல் பள்ளங்கள் உள்பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அப்படியே ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுகிற விளிம்பைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் ஃபெவிகால் தடவினேன். நீளமான கிளாம்ப் என்னிடம் இல்லை. இரண்டு பக்கமும் கட்டை அடித்து, நடுவில் பலகைகளை வைத்து, ஆப்பு இறக்கி இறுக்கினேன். மறுநாள்தான் கழற்றினேன்.

மேல்பலகையைச் சட்டத்தில் எப்படிப் பிடிப்பது என்பதில் தையல்தான் எனக்குக் கைகொடுத்தது. புடவை ஃபால்ஸை நனைத்துக் காயவைக்காமல் நாங்கள் தைப்பதில்லை. அது சுருங்கும், புடவை சுருங்காது, தைத்த பிறகு முழுக்கச் சுருக்கம் விழும். மரமும் அப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். மேல்பலகையை நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் ஒரு நாள் நடுவில் வெடிக்கும். அதனால் ஸ்க்ரூ போகிற துளையைப் பலகையின் அகலவாக்கில் நீளமாகப் போட்டேன், ஸ்க்ரூ அதற்குள் நகர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் பலகை ஒரு நூல் சுருங்கியது. எங்கும் வெடிக்கவில்லை.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், மூன்று கை பூசினேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணிக்குள் சூடு கூடிக்கூடித் தானே தீப்பிடிக்கும். என் வீடு முழுக்கத் துணி. துடைத்த ஒவ்வொரு துண்டையும் தண்ணீர் வாளியில் முக்கி, வெளியே கொடியில் விரித்துப் போட்ட பிறகுதான் படுக்கப் போனேன்.

மரம் 4,850, மில் கூலி 400, சின்ன யானை (சின்ன லோடு வண்டி) வாடகை 500, பசை, எண்ணெய், உப்புத்தாள் 700. மொத்தம் 6,450 ரூபாய். என் கூலியைச் சேர்க்கவில்லை. பதினாறு நாள், மாலை நேரம் மட்டும். மாமியார் முதலில், "அடுத்தவங்க வீட்டு வாசக்காலை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாரே" என்று முகம் சுளித்தார். காலின் அடியில் அந்த மஞ்சள் கறை இன்னும் லேசாகத் தெரியும். இப்போது கூடம் துடைக்கும்போது அந்தக் காலை மட்டும் அவரே துடைக்கிறார்.

அந்தக் கடைக்கு மறுபடி போவேன். மரம் நல்ல மரம், அளவில் ஏமாற்று இல்லை, இழைத்துப் பார்க்கத் தயங்காமல் விடுகிறார்கள். ஆணி விஷயத்தில் அவர்கள் சொல்வதை நம்பாமல் காந்தத்தோடு போங்கள். முனையை அமுக்கிப் பாருங்கள், வாங்குவதற்கு முன்னால் மில்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை இருக்காது. நல்ல கட்டைகள் அடுக்கின் அடியில்தான் கிடக்கின்றன. காலை பத்து மணிக்குள் போனால் மேலே இருப்பதை இறக்கிக் காட்ட இரண்டு ஆள் இருப்பார்கள். மதியத்துக்கு மேல் பையன் மட்டும்தான்.