மலர் மருந்து: சில வருஷமா எடுத்துட்டு இருக்கறவனோட அனுபவம்

பயம், கவலை மாதிரி மனசு சம்பந்தப்பட்டதுக்கு பூவுல இருந்து எடுத்துத் தர்ற பாச் மலர் மருந்து வேலை செய்யுமா இல்லையான்னு கேக்கறவங்களுக்கு, ஒரு வாரம் எடுத்துட்டு ஆஹா ஓஹோன்னு சொல்றவங்களும் எடுக்காமலே ஏமாத்து வேலைன்னு சொல்றவங்களும் தான் அதிகம் பதில் சொல்றாங்க. நான் கொரோனா அடங்கின சமயத்துல ஆரம்பிச்சேன், இன்னும் விட்டு விட்டு எடுத்துட்டு இருக்கேன், வீட்டுலயும் எடுக்கறாங்க, அதனால நடந்தத நடந்தபடி எழுதறேன்.

நமக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்னதா கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணா இருக்கும், ஆர்டர் புடிச்சது பழைய விலைல இருக்கும், சனிக்கிழமை ஆனா கொலுசு பத்த வைக்கறவங்களுக்கு கூலி குடுத்தாகணும். படுத்த உடனே தூக்கம் வந்துரும், ஆனா நடுராத்திரி முழிப்பு தட்டிருச்சுன்னா மண்டைக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சிரும், அதே கணக்கு, அதே ஆளுங்க, விடியற வரைக்கும். பிபி பாத்தாச்சு, சுகர் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்.

தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி ஒரு ஹோமியோபதி டாக்டர்கிட்ட போனேன். அவரு நாக்க நீட்டு, நாடியக் காட்டுன்னு எதுவும் சொல்லல. முழிப்பு வந்தா மனசுல என்ன ஓடுதுன்னு கேட்டாரு. கவலைங்கன்னேன். கவலைன்னா, நாளைக்கு என்ன ஆகுமோங்கற பயமா, ஒரே நினைப்பு சுத்தி சுத்தி வருதா, இல்ல இவ்ளோ பாரத்தையும் நம்மளால தாங்க முடியாதுங்கற மலைப்பா, இதுல எதுன்னு கேட்டாரு. பயத்துக்கு மிமுலஸ், சுத்தற நினைப்புக்கு ஒயிட் செஸ்ட்நட், பொறுப்பு அமுக்கறதுக்கு எல்ம், ஒவ்வொண்ணுக்கும் தனி மருந்தாம். என்கிட்ட அதுவரைக்கும் யாரும் இப்படி பிரிச்சு கேட்டதே இல்ல, நானும் என்னையே கேட்டுக்கிட்டதில்ல. யோசிச்சு ஒயிட் செஸ்ட்நட்டும் எல்மும்னு முடிவாச்சு.

விவரம் தெரியாதவங்களுக்கு: எட்வர்டு பாச்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், 1886ல பொறந்து 1936ல இறந்தவரு, கண்டுபிடிச்ச முறை இது. மொத்தம் 38 மருந்து. பூவ ஊத்துத் தண்ணில போட்டு மூணு மணி நேரம் வெயில்ல வைப்பாங்க, மரத்துப் பூவுன்னா பெரும்பாலும் அரை மணி நேரம் கொதிக்க வைப்பாங்க, அந்தத் தண்ணிய சம அளவு பிராந்தில கலந்து வச்சுக்கிட்டு மறுபடி நீர்த்துத் தர்றது தான் மருந்து. ராக் வாட்டர்னு ஒண்ணுல பூவே கிடையாது, வெறும் ஊத்துத் தண்ணி. இம்பேஷன்ஸ்னு அவசரக்காரங்களுக்கு ஒண்ணு இருக்கு, அது நம்ம காசித்தும்பை சாதி தான், இமயமலைல இருந்து இங்கிலாந்து போய் ஆத்தங்கரையெல்லாம் பரவின செடியாம், இது தெரிஞ்சப்ப ஒரு சந்தோஷம். அளவு ஒரு தடவைக்கு நாலு சொட்டு, நாளைக்கு நாலு வேளை. நம்ம ஊர்ல சர்க்கரை உருண்டைல ஊத்தியும் தர்றாங்க.

இப்ப பலனுக்கு வர்றேன். முழிப்பு வர்றது நிக்கல, இப்பவும் வருது. ஆனா வந்த உடனே இது எந்த நினைப்புன்னு பேர் சொல்லிப் பாக்கற பழக்கம் வந்துருச்சு, நாலு உருண்டை நாக்குல கரையற நேரத்துக்குள்ள பாதி நாள் அந்தக் கணக்கு அறுந்து போயிரும். மருந்தா, அந்த ரெண்டு நிமிஷம் நிதானமா உக்காந்ததான்னு கேட்டா, உக்காந்தது தான்னு நான் நம்பறேன். பரீட்சை பயம் உள்ளவங்களுக்கு இந்த சொட்டையும் மருந்தே இல்லாத சொட்டையும் குடுத்து ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லன்னு தான் வந்திருக்கு. அது எனக்கு ஆச்சரியமா இல்ல, ஏன்னா எனக்கு உதவினது பாட்டில் இல்ல, டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி.

வீட்டுக்காரிக்கு நடந்தது இன்னும் பெருசு. பையன் ஏற்காட்டுல ரிசார்ட் வேலை, பைக்ல தான் போய் வர்றான். 20 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்துல முன்னாடி போற வண்டி தெரியாத பனிமூட்டம். அவன் போய் சேர்ற வரைக்கும் இவ போன் பண்ணிட்டே இருப்பா, அவனும் வளைவுல ஒரு கைல வண்டி ஒரு கைல போன்னு பேசுவான், சண்டை வரும். டாக்டர் ரெட் செஸ்ட்நட் குடுத்தாரு, அது நமக்கு வேண்டப்பட்டவங்களுக்கு ஏதாவது ஆயிருமோங்கற பயத்துக்கு உண்டானது. இப்படி ஒரு பயத்துக்குன்னே தனியா மருந்து இருக்குன்னு கேட்டதும் இவ அழுதுட்டா, எல்லாரும் தன்னைய கிறுக்கின்னு நெனைக்கறாங்கன்னு தான் அதுவரைக்கும் நெனச்சிருக்கா. அப்புறம் மூணு பேரும் உக்காந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம், அடிவாரத்துல நிறுத்தி ஒரு மெசேஜ், மேல ஒண்டிக்கடை போய் ஒரு மெசேஜ், நடுவுல யாரும் கூப்பிடக் கூடாது. இப்ப அந்த நேரத்துல உருண்டையப் போட்டுக்கிட்டு பூக்கட்ட உக்காந்துருவா.

ரெஸ்க்யூ ரெமடின்னு திடீர் அதிர்ச்சி, பதட்டத்துக்கு தர்றது ஒண்ணு இருக்கு, அஞ்சு மருந்து கலந்தது, பட்டறைலயும் ஒண்ணு வச்சிருக்கேன். அதுல பெருசா எதுவும் தெரியல.

ஒரு விஷயம் மட்டும் கோவமா சொல்றேன். மலர் மருந்து எடுத்தா சுகர் மாத்திரை வேண்டாம், தைராய்டு மாத்திரைய நிறுத்துன்னு சொல்றவங்க இருக்காங்க, எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு அப்படி சொல்லி, அவங்க நிறுத்தி, கால் புண்ணோட ஆஸ்பத்திரில கெடந்தாங்க. என் வீட்டுக்காரி தைராய்டு மாத்திரைய ஒரு நாள் விட்டதில்ல. மனசு ரொம்ப உடைஞ்சு, சாகலாம் போல இருக்குன்னு தோணினா இந்த சொட்டோட நிக்காதீங்க, மனநல டாக்டரப் பாருங்க, நம்ம அரசு ஆஸ்பத்திரிலயே பாக்கறாங்க. அப்புறம் திரவமா வாங்கினா அதுல பெரும்பாலும் பிராந்தி இருக்கும், குடிய நிறுத்த மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரக் கேக்காம தொட வேண்டாம்.

வாங்கறதுன்னா 38ம் உள்ள செட்ட எடுத்த எடுப்புல வாங்காதீங்க, அத்தனையும் தேவைப்படாது. ஒண்ணு ரெண்டு போதும், அதுவும் உங்ககிட்ட நேரம் ஒதுக்கி பேசறவங்க கிட்ட கேட்டு வாங்குங்க, அஞ்சு நிமிஷத்துல பாட்டில நீட்டறவங்க கிட்ட வேண்டாம்.