வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ண தனி ஆப் எதற்கு, கூகுள் டிரைவே போதும்

இன்வெர்ட்டர் பேட்டரி மக்கர் பண்ணியதில் ஆரம்பித்தது இது. வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது, பில்லை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள். பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்! ஓரத்தில் நான் பேனாவால் எழுதிய 'பேட்டரி' என்கிற வார்த்தை மட்டும் மிச்சம். அந்தப் பில் தாளில் மையே கிடையாது, சூடு பட்டுக் கறுக்கிற பூச்சுதான், வெயிலோ பிளாஸ்டிக்கோ பட்டால் நாளடைவில் வெளுத்துப்போகும். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் தேடி இன்னொரு நகல் எடுத்துக் கொடுத்ததால் தப்பித்தேன். அன்று ராத்திரியே வீட்டில் இருக்கிற தாள் எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ஸ்கேனர் என்று தேடினால் ஆப்கள் வரிசையாக வந்து விழுகின்றன. நான் முதலில் இறக்கியதன் பெயர் வேண்டாம். மூன்று பக்கத்துக்கு ஒரு விளம்பரம், சேமிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரைக் குத்திவிடுகிறது, அதை எடுக்க வாரச் சந்தா கட்ட வேண்டுமாம். சார்பதிவாளர் முத்திரை இருக்கிற இடத்தில் இவன் முத்திரை எதற்கு, அழித்துவிட்டேன். ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் கேம்ஸ்கேனர் இருந்தது. 2019-இல் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் இருப்பதாகக் காஸ்பர்ஸ்கி என்கிற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னதும் கொஞ்ச நாள் பிளே ஸ்டோரில் இல்லாமல் போனது, 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் சேர்ந்தது. இன்னமும் எங்கள் ஆபீஸில் 'கேம்ஸ்கேன் பண்ணி அனுப்புங்க' என்றுதான் சொல்கிறார்கள், அது வேறு கதை.

கடைசியில் போனிலேயே இருந்த கூகுள் டிரைவில் போய் நின்றேன். அதைத் திறந்ததும் கேமரா படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, அவ்வளவுதான். தாளுக்கு நேரே பிடித்தால் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து, தானே எடுத்து, கோணலை நிமிர்த்திக் கொடுக்கிறது. பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஐபோன்காரர்கள் அவர்கள் போனோடு வரும் நோட்ஸ் ஆப்பிலேயே எடுக்கலாம், 2017-லிருந்து அந்த வசதி இருக்கிறது. நான் பல வருடம் மைக்ரோசாஃப்ட் லென்ஸ் என்கிற ஸ்கேனர் ஆப்பின் ரசிகன், ஆனால் அதை மூடப் போவதாக 2025-இல் அறிவித்துவிட்டார்கள். ஆப் வரும் போகும், எடுத்தது சாதாரண பிடிஎஃபாக நம் கையில் இருந்தால் கவலையில்லை.

ஆப் எதுவானாலும், எடுக்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. முதல் நாள் டியூப்லைட்டுக்கு அடியில் வெள்ளை டைல்ஸில் தாளைப் போட்டு எடுத்தேன், எல்லாப் பக்கத்திலும் என் தலை நிழல், தாள் எங்கே முடிகிறது தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஜன்னலோரம், அடர்நீலப் போர்வையை விரித்து அதன்மேல் வைத்து எடுத்ததும் பளிச்சென்று வந்தது. லேமினேட் பண்ணிய மார்க்‌ஷீட்டுக்கு ஃப்ளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து மார்க்கே தெரியாது, அணைத்துவிட்டு லேசாகச் சாய்த்து எடுங்கள்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த 1987 கிரயப் பத்திரம்தான் பெரிய வேலை. பத்திர எழுத்தர் கைப்பட எழுதியது, ஏ4-ஐ விட நீளமான தாள், நான்காக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து தேய்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் முத்திரைத்தாளின் நிறமும் ஊதா ரப்பர் ஸ்டாம்பும் கலைந்து எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், ஆகவே கலரிலேயே விட்டேன். கறையை விரலால் தேய்த்து அழிக்கிற ஒரு வசதியும் உண்டு. பலசரக்கு பில்லுக்குப் பயன்படுத்துங்கள், பத்திரத்தில் வேண்டாம், கறை எது கையெழுத்தின் வால் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சேமித்ததும் தேதியைப் பெயராக வைத்துக்கொள்ளும், அப்படியே விட்டால் ஆறு மாதம் கழித்து நாற்பது தேதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். நான் 'பத்திரம் 1987 கிரயம் அப்பா', 'பேட்டரி பில்' என்று தமிழிலேயே பெயர் வைத்தேன், தேடினால் வருகிறது. அச்சடித்த தமிழாக இருந்தால் இன்னொரு வித்தை இருக்கிறது. கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து அந்தக் கோப்பை கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகவே மாற்றித் தருகிறது. கையெழுத்துப் பத்திரத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இலவச இடம் 15 ஜிபி, அதில் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும், ஏற்கெனவே கல்யாண வீடியோ அடைத்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே கூகுள் கணக்கில் கிடக்கிறது என்பதால் இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடாமல் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். நான் பென்டிரைவில் ஒரு நகலும் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும், இது அசலுக்கு ஈடு இல்லை. லைசென்ஸ், ஆர்சி புத்தகம் மாதிரியானவற்றை ஸ்கேன் பண்ணுவதை விட, அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் எடுத்து வைப்பது நல்லது, துறையே நேரடியாக அதில் தருவதற்குச் சட்டப்படி அசலின் மதிப்பு உண்டு. நாமாகவே ஸ்கேன் பண்ணி அதில் ஏற்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது. அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போனால் பேங்கில் மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

எல்லாம் முடித்துப் பெருமையாக அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொத்து விவரம் எழுதிய தபசிலைப் பெரிதாக்கி, நாலு எல்லை சொல்கிற சக்குபந்தியில் வடக்கே யார் நிலம் என்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து அசலை எடுத்து முதல் தாளைத் திருப்பினார். "ரிஜிஸ்ட்ரார் எழுதுனது, கட்டைவிரல் ரேகை எல்லாம் பின்னாடிதானப்பா இருக்கு, இதை எடுக்கவே இல்லையே?" மறுநாள் காலையில் போர்வையை மறுபடி விரித்தேன்.