டிபிஎம் இருக்கிறது என்றார்கள், 4கே புளூ-ரே வட்டு ஓடவில்லை

மேசைக் கணினியில் 4கே புளூ-ரே வட்டு (மிகத் தெளிவான தரத்தில் படம் வரும் வட்டு) பார்க்கிறவர்கள், விண்டோஸ் 11-க்காக மதர்போர்டையும் செயலியையும் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருந்தது ஏழாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ7. அதற்கென்றே தேடி வாங்கிய டிரைவ், காசு கொடுத்து வாங்கிய பவர்டிவிடி என்ற பிளேயர் மென்பொருள், எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு முறை உள்ள மானிட்டர் ஆகியவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட 4கே வட்டுகளை அதில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நிற்கப்போகிறது, உங்கள் செயலி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்று 2024-இல் கடைக்காரர் சொன்னார். அதில் பொய் ஏதும் இல்லை. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, புதிய போர்டு, 16 ஜிபி ரேம் என்று விலை சொன்னபோது, என் வட்டுகள் இதிலும் ஓடுமா என்று இரண்டு முறை கேட்டேன். "டிபிஎம் 2.0 இருக்கு சார், எல்லாப் பாதுகாப்பும் அதுலயே அடங்கிடும்" என்றார். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வன்பொருள்தான் இந்த டிபிஎம். பழைய போர்டையும் செயலியையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். நான் செய்த பெரிய பிழை அதுதான்.

வீட்டில் வட்டைப் போட்டதும் டிரைவ் வழக்கம்போல உறுமிச் சுழன்றது, பிறகு அடங்கியது. திரையில் இந்தக் கணினி இவ்வகை வட்டுக்கு ஏற்றதல்ல என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் நின்றது. கடையிலிருந்து வந்த பையன் டிபிஎம் நிர்வாகத் திரையைத் திறந்து, அது பயன்பாட்டுக்குத் தயாராக இருப்பதைக் காட்டி, வட்டில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனான். ஒன்றல்ல, ஆறு வட்டுகளில் ஒரே நாளில் கோளாறு!

டிபிஎம் சாவிகளைப் பூட்டி வைக்கிறது, கணினி தொடங்கும்போது ஏற்றப்படும் மென்பொருளை அளந்து பதிவு செய்கிறது. கணினியில் உள்ள தரவைப் பூட்டும் பிட்லாக்கர் போன்றவற்றுக்கு அது உதவும். படத்தின் பூட்டைத் திறப்பது அதன் வேலையே அல்ல. நகலெடுப்பதைத் தடுக்க 4கே வட்டில் போடும் ஏஏசிஎஸ் 2.0 என்ற பூட்டைக் கணினியில் திறப்பதற்கு, இயங்குதளம்கூட எட்டிப்பார்க்க முடியாத ஒரு நினைவகப் பகுதி தேவைப்பட்டது. அதை உருவாக்கித் தந்தது இன்டெல் 2015-இல் செயலிக்குள் கொண்டுவந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி. 2018-இல் ஃபோர்ஷேடோ, 2019-இல் பிளண்டர்வோல்ட் என்று அதன் ஓட்டைகள் அடுத்தடுத்து அம்பலமாயின. பிறகு பதினொன்றாம் தலைமுறையிலிருந்து மேசைக் கணினிகளுக்கான கோர் செயலிகளில் அந்த வசதியையே இன்டெல் எடுத்துவிட்டது. சர்வர்களுக்கான ஜியானில் மட்டும் தொடர்ந்தது. ஏஎம்டி செயலிகளில் எஸ்ஜிஎக்ஸ் என்றைக்குமே கிடையாது.

ஆக, வட்டு ஓடிய என் பழைய கணினிக்கு விண்டோஸ் 11 இல்லை, விண்டோஸ் 11 ஓடும் புதிய கணினியில் எஸ்ஜிஎக்ஸ் இல்லை. எட்டு, ஒன்பது, பத்தாம் தலைமுறை மேசைக் கணினிகள் மட்டுமே இரண்டு பக்கமும் இடம்பெற்றிருந்தன. உரிமம் பெற்று வாங்கியவனை வெளியே நிறுத்திவிட்டு, திருட்டுப் பிரதி வைத்திருப்பவனைத் தொடக்கூட முடியாத இந்தப் பாதுகாப்பு யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் என் சண்டை இன்டெல்லோடு அல்ல. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி விற்றவரோடுதான்.

வாங்குவதற்கு முன், கடையில் காட்டும் டிபிஎம் திரையை விட்டுவிட்டு, செயலியின் மாடல் எண்ணை இன்டெல்லின் தளத்தில் தேடி எஸ்ஜிஎக்ஸ் வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இருந்தால்கூட, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அதை இயக்க வழியுண்டா என்று பாருங்கள்; உங்களிடம் உள்ள பிளேயரின் இப்போதைய பதிப்பு அந்தச் செயலியில் 4கே வட்டை இன்னும் ஏற்கிறதா என்பதை அந்தப் பிளேயர் நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். வட்டு ஓடும் என்று கடைக்காரர் சொன்னால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் "போர்டு, ஐ5, ரேம்" என்று மூன்றே சொற்கள் இருந்ததால், திரும்பப் போய்க் கேட்டபோது என்னிடம் காட்ட எதுவும் இல்லை. பழைய போர்டையாவது கொடுங்கள் என்றேன். அது மறுநாளே விற்றுப்போய்விட்டதாம்.